இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

வீட்டுச் சாமான் கடையில் நின்று விற்பவர்களுக்குப் பொருளின் விலையைச் சொல்வது சுலபம். வாங்கிப்போன பிறகு ஆகும் செலவைச் சொல்லும்போதுதான் மானம் போகும்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கடையில் எனக்கு வேலை. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று ஒவ்வொரு மூலையாக நின்றுவிட்டு இப்போது ஃப்ரீசர் பக்கம் நிற்கிறேன். ஐஸ்கிரீம் கடைகளில் பார்க்கிற பெரிய பெட்டி இல்லை. வீட்டு மூலையில் வைக்கிற, மேலே மூடி திறக்கிற சின்னப் பெட்டி. ஒரு அரிசி மூட்டை நிற்கிற இடம் போதும். வீட்டிலிருந்தபடியே எதையாவது செய்து விற்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இதற்கு இப்போது நல்ல கிராக்கி.

இதை வாங்க வருகிறவர்கள் நிறம் கேட்பதில்லை, கம்பெனி கேட்பதில்லை. மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்து, மூடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "கரண்ட் பில்லு எவ்ளோ வரும்?" அதற்குப் பதில் சொல்லி நான் தலைகுனிந்து நின்ற சில சம்பவங்களை எழுதுகிறேன். கடையில் நாளெல்லாம் நிற்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் உங்களை இன்னும் ஃப்ரீசர் பக்கம் மாற்றவில்லை என்று அர்த்தம்.

பெருக்கிச் சொன்னேன்

ஃப்ரீசர் பக்கம் வந்த புதிதில் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மாம்பழக் கூழில் குச்சி ஐஸ் செய்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் விற்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு யோசனை. பெட்டி பிடித்துவிட்டது. வழக்கமான கேள்வி வந்தது. எனக்குக் கணக்கு வரும் என்று எப்போதும் ஒரு பெருமை. பெட்டியைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வாட்ஸ் எவ்வளவு என்று பார்த்து, இருபத்து நாலு மணி நேரத்தால் பெருக்கி, முப்பது நாளால் பெருக்கி, போன் கால்குலேட்டரை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அந்தப் பெண் புருஷனைப் பார்த்தார். அவர் மூடியைச் சத்தம் வராமல் மூடினார். "அப்புறமா வர்றோங்க" என்று இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

சர்வீஸ் பார்க்கிற மூர்த்தி அண்ணன் பக்கத்தில் ஒரு கிரைண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். உள்ளே இருக்கிற கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடாது. போதுமான குளிர் ஏறியதும் நின்றுவிடும், குளிர் இறங்கினால் மறுபடி ஓடும். ஓடுகிற நேரத்துக்குத்தான் கரண்ட். நான் சொன்னது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று வாசலுக்கு வந்தேன். அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு பெண்ணின் யோசனையை என் பெருக்கல் கெடுத்துவிட்டது என்று நினைத்தபோது முகம் சுட்டது.

முதலாளி கல்லாவுக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, பாடம் எடுத்தார். "தப்பா சொல்றது தப்பில்ல மேனகா. கூட்டிச் சொன்ன பாரு, அதான் தப்பு."

ஒரு டீ காசு

முதலாளியே எனக்கு ஒரு பதிலையும் சொல்லிக்கொடுத்தார். வாட்ஸ், யூனிட் எதுவும் வாயில் வரக்கூடாது. "ஒரு நாளைக்கு ஒரு டீ காசுதாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் முகமெல்லாம் தெளிந்தது. டீ என்றால் யாருக்கும் பயமில்லை.

தொப்பூர் கணவாய் பக்கம் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் வந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற இடம். கோழியும் மீனும் வாங்கி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றார். டீ காசைச் சொன்னேன். சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார். பெட்டியை எங்கே வைப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டு லைனா, கடை லைனா என்றும் கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் இழுத்துக்கொண்டு போகும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பில் வந்ததும் மனுஷன் அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பெட்டியைப் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார். அதுவும் வெயில் காலம். கம்ப்ரசர் நின்று மூச்சுவிட நேரமே இருந்திருக்காது. போதாததற்கு அது கடை லைன், ரேட்டும் ஜாஸ்தி. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, டிவி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, நிதானமாகச் சொன்னார். "நானும் டீ விக்கிறவன்தாம்மா, டீ எவ்ளோன்னு எனக்குத் தெரியும். உங்க பொட்டி டீயோட நிக்கல. வடை, பஜ்ஜி, மத்தியானம் சாப்பாடு வரைக்கும் தின்னுட்டுதான் எந்திரிக்குது."

பெட்டி வருகிறது என்று சொன்னேன்

பென்னாகரம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிற ஒரு தம்பி, மனைவி ஊரில் கோழிக்கறி வியாபாரம் செய்வதற்காக ஒரு ஃப்ரீசர் எடுத்திருந்தார். பெட்டியை இறக்கி, போட்டுக் காட்டுகிற ஆள் அன்றைக்கு லீவு. டெம்போவில் என்னை அனுப்பினார்கள். ஊர் எல்லைக்கு வந்து அந்தத் தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டேன். "உங்க பக்கத்து வூட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வருதுங்க. எந்தத் தெருன்னு சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் குரல் கம்மி, வழி சொன்னார்கள்.

நம் பக்கத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்தவர்களைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி. நாள் முழுக்க ஃப்ரீசர் ஃப்ரீசர் என்று பேசிப் பேசி எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்த வீட்டில் அந்தத் தம்பியின் அப்பா பல மாதமாகப் படுத்த படுக்கை என்பதும் எனக்குத் தெரியாது. டெம்போ தெருவுக்குள் திரும்பும்போது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. நாலைந்து பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். அந்த வீட்டு மருமகள் ஒன்றும் புரியாமல் ஈரக் கையோடு கொல்லையிலிருந்து ஓடி வந்தார். வண்டியிலிருந்து வெள்ளைப் பெட்டி இறங்கியதும் அழுகை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு வார்த்தைய யோசிச்சுப் பேசக்கூடாதா நீ" என்று ஒரு அம்மா கேட்டார்.

மன்னிப்புக் கேட்காமல் திரும்பினால் சோறு இறங்காது என்று உள்ளே போனேன். பெரியவர் கட்டிலில் கிடந்தார். வெளியே நடந்தது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. முழங்கையை ஊன்றி எழுந்து, நடுவீட்டில் வைத்திருந்த பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னார்: "காலு நீட்டக்கூட எடம் பத்தாதே இதுல. சரி, வந்தது வந்துட்ட, இது எவ்ளோ கரண்ட் இழுக்கும்னு சொல்லிட்டுப் போ."

மலைக்குப் போன கணக்கு

வத்தல்மலையிலிருந்து சின்னபொண்ணு என்று ஒரு அம்மா வந்து ஒரு பெட்டி வாங்கிப் போனார். பலாச்சுளையை எடுத்துவைத்துச் சந்தைக்கு இறக்கலாம் என்று எண்ணம். மலையில் காற்றடித்தால் மரம் விழும், கம்பி அறும், வோல்டேஜ் ஏறும் இறங்கும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஸ்டெபிலைசர் என்று ஒன்று உண்டு என்று நான் சொல்லவில்லை. அதன் விலையையும் சேர்த்துச் சொன்னால் பெட்டியை வேண்டாம் என்று விடுவாரோ என்று பயம். கரண்ட் செலவை மட்டும் கேட்டார், சொன்னேன்.

ரொம்ப நாள் கழித்து அடுப்பு மாற்ற வந்தவரை வாசலிலேயே பார்த்துவிட்டேன். இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பழைய வாடிக்கையாளர் முகம் தெரிந்தால் வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னால் குனிந்துவிடுவேன், கீழே எதையோ தேடுகிற மாதிரி. சின்னபொண்ணு அம்மா நேராக அங்கேயே வந்து, நானும் தேடட்டுமா என்று கூடவே குனிந்தார். வேறு வழியில்லாமல் எழுந்து, பெட்டி எப்படி ஓடுது என்று கேட்டேன். அவர் என்னைக் குறையே சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "பில்லு நீ சொன்னதுல பாதிகூட வரல சாமி. கரண்ட் ஏறி எறங்கி வர்றதால சுவிட்ச்ச அணைச்சுட்டு சாமைய கொட்டி வச்சிருக்கேன். எலி ஏற முடியல, நல்ல பொட்டி."

செல்வி வீட்டு மீட்டர்

இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

செல்வி டவுனிலேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறவள். புருஷன் ரமேஷ் ஒரு மில்லில் வேலை. பாதி வெந்த சப்பாத்தியைப் பாக்கெட் போட்டு, தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு விற்பாள். செய்து வைக்க இடம் இருந்தால் இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று ஃப்ரீசர் பார்க்க வந்தாள். ஒரே தடவையில் வாங்கவில்லை. மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை காரணத்தையும் சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்கு இதுல இஷ்டம் இல்லக்கா. கரண்ட் எகிறிடும்ங்கறாரு. நீங்க ஒரு கணக்கு உறுதியா சொன்னா நான் அவர்கிட்ட பேசிக்குவேன்." நான் உறுதியாகச் சொன்னேன். டீ காசு என்று சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் போகாது என்றேன். டீயைவிட யூனிட் நம்பிக்கையாகக் கேட்கும் அல்லவா. அந்த முக்கால் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. தவணை போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த பில் வந்த வாரம் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கும் இவர்களுக்கும் ஒரே மீட்டர். மொத்த பில்லில் இவர்கள் பங்கைப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். நம் ஊர் கரண்ட் கணக்கு உங்களுக்குத் தெரியும், ஒரு அளவைத் தாண்டினால் பின்னால் ஓடின யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். ஃப்ரீசர் வந்த பிறகு அந்த வீடு அந்த அளவைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கார அம்மா பெட்டியை எடு, இல்லை வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். "நீங்க வந்து, இந்தப் பொட்டி இவ்ளோதான் இழுக்கும்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன், ரமேஷும் வீட்டில் இருந்தார். தகர ஷீட் போட்ட போர்ஷன். மத்தியானச் சூட்டில் உள்ளே நிற்க முடியவில்லை. ஃப்ரீசர் சுவரோடு ஒட்டி நின்றது, காற்றுப் போக விரலளவு இடமில்லை. சூடு ஆறாத சப்பாத்தியை அவள் அப்படியே பாக்கெட் போட்டு உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். பாக்கெட் வாங்க ஒருவர் வந்தார், மூடி திறந்தது. இன்னொருவர் வந்தார், மறுபடி திறந்தது. இதில் ஒன்றையும் நான் அவளிடம் கேட்டதில்லை, ஒன்றையும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அவள் சூடாக வைத்தால் என்ன, ஆறவைத்து வைத்தால் என்ன, விற்றால் சரி என்று இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா விவரமானவர். "வாயால எதுக்குப் பேசணும், பாத்துடலாம்" என்று தன் வீட்டிலும் செல்வி வீட்டிலும் எல்லா சுவிட்ச்சையும் அணைத்தார். ஃப்ரீசர் மட்டும் ஓடட்டும் என்றார். நாங்கள் நாலு பேரும் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டருக்கு முன்னால் நின்றோம். யூனிட் ஓடினால் அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மின்னவில்லை. கம்ப்ரசர் அப்போதுதான் நின்றிருந்தது போல. செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்தீங்களா என்பது மாதிரி புருஷனையும் பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது போல் ஒரு வேதனை நான் பட்டதில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். உள்ளே கிர் என்று சத்தம் கேட்டது. விளக்கு மின்ன ஆரம்பித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. வியர்வை வழிய நாங்கள் நின்றிருந்த நேரம் முழுக்க மின்னியது. கடைசியில் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லும்மா, ஒரு நாளைக்கு எவ்ளோ வரும்" என்றார்.

"ஒன்றரை யூனிட்டாவது வருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரமேஷ் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் செல்வியிடம் கேட்டார். "முக்கால்னு கடையில சொன்னதா சொன்ன?" நான் வாயைத் திறந்தேன். நான்தான் சொன்னேன் என்று சொல்லத்தான் திறந்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திறந்து சொல்வதற்குள் கொஞ்சம் தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கத்துக்குள் செல்வி முந்திக்கொண்டாள். "இல்லங்க, அக்கா சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் காதுல சரியா வாங்கல."

போட்டுக் காட்டலாம் என்றேன்

செல்வி வீட்டைக் காலி செய்யவில்லை. அன்றைக்கே நான் ரமேஷைத் தெருமுனை வரை கூட்டிப்போய் முக்கால் என்றது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஏறின தொகை முழுவதையும் தாங்களே கொடுப்பதாக வீட்டுக்கார அம்மாவிடம் ஒத்துக்கொண்டு, பெட்டியை நிழலான இடத்துக்கு மாற்றி, சப்பாத்தியை ஆறவைத்து வைக்கிறார்கள். பாக்கெட் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறாள். கொஞ்ச நாள் முன்பு மிக்ஸி வாங்கக் கடைக்கு வந்தாள். வேறு பெண்கள் சும்மா நின்றிருந்தும் எனக்காகக் காத்திருந்து என்னிடமே வாங்கினாள். கரண்ட் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

இப்போது யார் கேட்டாலும் முதலில் நான்தான் கேள்வி கேட்கிறேன். எங்கே வைப்பீங்க, எந்த லைன், மீட்டர் தனியா, உள்ளே என்ன வைப்பீங்க, எத்தனை தடவை திறப்பீங்க. பாதிப் பேர், வாங்க வந்த இடத்தில் இதென்ன விசாரணை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மூர்த்தி அண்ணனிடம் பிளக்கில் மாட்டி யூனிட் பார்க்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கடையில் வரிசையாக நிற்கிற ஃப்ரீசர் ஒன்றிலும் கரண்ட் கிடையாது, எல்லாம் வெறும் பெட்டியாக நிற்கின்றன. ஒன்றே ஒன்றை நாள் முழுக்க ஓடவிட்டு, அந்தக் கருவியையும் மாட்டி வைத்தால், கேட்கிறவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள். நானும் யார் முகத்தையும் பார்த்துப் பொய் சொல்ல வேண்டாம்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை என்றார். அப்புறம் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷமாக இந்தக் கடைக்கு வந்த எல்லோரும் பார்த்த அதே மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார். "கரண்ட் பில்லு எவ்ளோ வரும்?" தெரியாது சார், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். "அப்ப போடாத."

பெரிய ஊராக இருந்தால் எல்லாம் மறந்துபோயிருக்கும்; தர்மபுரியில் காய் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான் கணக்குச் சொன்ன யாராவது ஒருவர் எதிரே வந்து, நல்லா இருக்கியாம்மா என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.